வீட்டில் பீஸ் வேலை எடுக்கிறீர்களா? கூலியைச் சட்டப்படி காத்துக்கொள்ளும் வழி

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குப் புதிதாக வீட்டில் பனியன் வேலை எடுக்கத் தொடங்கியிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பிசிறு வெட்டுவது, பட்டன் வைப்பது, கையால் பாசி கோப்பது, தைத்ததைத் திருப்பி மடித்துக் கட்டுவது, சொந்த மெஷினில் ஓவர்லாக் அடிப்பது என எந்த வேலையாக இருந்தாலும் சரி. சென்னையிலும் ஈரோட்டிலும் இதே மாதிரி வேலை எடுப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். இவர்களுக்கு உதவப் போகும் இளைஞர்களும் படிக்கலாம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்வதாலேயே அது "சும்மா இருக்கிற நேரத்தில் செய்யும் கைவேலை" ஆகிவிடாது. துணி இன்னொருவருடையது, அளவும் கெடுவும் அவர் சொல்வது, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் அவரே. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் அவருக்காக வேலை செய்யும் தொழிலாளி. இதைக் காகிதத்தில் காட்ட முடிந்தவருக்குச் சட்டம் உதவும். காட்ட முடியாதவருக்கு எவ்வளவு நல்ல சட்டம் இருந்தாலும் கைக்கு எட்டாது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான் வருகின்றன.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கள் உலகத்தில் வந்ததற்கு வீட்டில் தைத்த பெண்களும் ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1896-இல் கூலி வாரியங்கள் அமைத்தபோது சட்டையும் உள்ளாடையும் தைக்கும் தொழில்கள் முதல் பட்டியலிலேயே இருந்தன. பிரிட்டனில் 1909-இல் வந்த சட்டம் நான்கு தொழில்களோடு தொடங்கியது. அதில் ஒன்று ஆயத்த ஆடைத் தையல், இன்னொன்று லேஸ் முடிப்பு வேலை.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இதை மறக்கவில்லை. ஒருவர் தன் வியாபாரத்துக்காகப் பொருளைக் கொடுத்து, அதை இன்னொருவர் தன் வீட்டிலேயே தைத்தோ, துவைத்தோ, அலங்கரித்தோ, முடித்தோ கொடுத்தால் அவரும் தொழிலாளிதான் என்று அதன் விளக்கப் பிரிவிலேயே எழுதியிருந்தது. திருப்பூரில் பிசிறு வெட்டும் பெண்ணுக்கு இதைவிடத் தெளிவான வரி கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948 சட்டம் போய், 2019-இல் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்தது. அதில் தொழிலாளி யார் என்று சொல்லும் பிரிவில் வீட்டில் செய்பவரைப் பற்றிய அந்தப் பழைய வரி இல்லை. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலோ "வீட்டு அடிப்படையிலான தொழிலாளி" என்று தனி விளக்கமே இருக்கிறது. மெஷினும் நூலும் யார் கொடுத்தாலும், வீட்டிலிருந்து ஒரு முதலாளிக்காகக் கூலிக்குச் செய்பவர் அந்த விளக்கத்துக்குள் வருவார். அதாவது நலத்திட்டம் என்று வரும்போது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சட்டம், கூலி என்று வரும்போது கூப்பிடாமல் விட்டுவிட்டது. இது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். தொழிற்சங்கங்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் கதவு மூடிவிடவில்லை. புதிய தொகுப்பு குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமல்ல, எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது. பீஸ் கணக்கில் வேலை செய்பவருக்கும் நேரக் கணக்கின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்கிறது. பழைய கூலி அறிவிப்புகள் புதிய சட்டத்துக்கு முரண்படாத வரை தொடரும். மீதியை நீதிமன்றத் தீர்ப்புகள் தருகின்றன. அவற்றைப் பொருத்தமான இடத்தில் சொல்கிறேன்.

முதல் நாளே நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். துணிக்கட்டு வீட்டு வாசலில் இறங்கும்போதே எழுதுங்கள். இரவில் ஞாபகப்படுத்தி எழுதலாம் என்று விட்டால் எழுத முடியாது. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"சனி காலை. ஏஜென்ட் வண்டியில் 4 கட்டு, கட்டுக்கு 100. நீலக் கலர் டி-சர்ட், பிசிறு வெட்டி மடிக்க வேண்டும். பீஸுக்கு 60 பைசா. செவ்வாய் மாலை திருப்பிக் கொடுத்தேன். 12 பீஸ் நூல் தொங்குது என்று புதன் திரும்ப வந்தது. சரிசெய்து அன்றைக்கே கொடுத்தேன். சேர வேண்டியது 240. கொடுத்தது 200. மீதி அடுத்த வாரம் என்றார்."

இதில் பெரும்பாலோர் எழுதாமல் விடுவது அந்தப் பன்னிரண்டு பீஸ் சங்கதியை. திரும்ப வந்தது அவமானம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்த நோட்டில் மிக மதிப்புள்ள வரி அதுதான். சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. பீஸ் கூலிக்குத் தைத்த அந்தத் தையல்காரர்களில் சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துப் போனவர்கள். தைத்தது சரியில்லை என்று தள்ளி, திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமை முதலாளியிடம் இருக்கிறது, அதுவே அவருடைய கட்டுப்பாட்டைக் காட்டுகிறது என்று சொல்லி அவர்கள் தொழிலாளர்களே எனத் தீர்த்தது. அங்கே மெஷின் கடைக்காரருடையது என்பதும் கணக்கில் வந்தது. ஆகவே உங்களிடம் இருக்கும் மெஷின் கம்பெனியோ ஏஜென்டோ கொடுத்தது என்றால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். சொந்த மெஷின் என்றால் பயப்பட வேண்டாம், திருப்பி அனுப்பிய கணக்கை இன்னும் கவனமாக எழுதுங்கள்.

நோட்டைப் பார்த்ததும் ஏஜென்ட் முகம் மாறலாம். "ஏனுங்க அக்கா, எழுதி என்ன பண்ணப் போறீங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்பார். "கணக்குக்குத்தானுங்க தம்பி, எனக்கு மறந்து போயிருதுங்க" என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். வாக்குவாதம் வேண்டாம். முடிந்தால் ஓரத்தில் ஒரு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அதற்காகச் சண்டை போடாதீர்கள், உங்கள் கையெழுத்திலேயே தொடர்ந்து எழுதிய நோட்டுக்கும் மதிப்பு உண்டு.

போனில் இருப்பதை அழிக்காதீர்கள். "நாளைக்குக் காலையில 300 பீஸ் வேணும்" என்று வரும் வாட்ஸ்அப் குரல் செய்தி, கூகுள் பே-யில் வந்த பணம், அவர் அனுப்பிய மாதிரிப் படம் எல்லாமே சான்று. கட்டோடு வரும் டி.சி. சீட்டு (சரக்கு அனுப்பியதற்கான டெலிவரி சலான்), அட்டைப்பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கர், துணி லேபிளில் உள்ள பிராண்டு பெயர், ஸ்டைல் நம்பர் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். படம் மட்டும்தான். சான்றுக்கு ஒரு பீஸ் எடுத்து வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திருட்டுப் பழி போட அது ஒன்றே போதும்.

கூலி சரியா என்று கணக்குப் போடுவது

இதை ஒருவர் தனியாகச் செய்வதைவிடத் தெருவில் மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்வது நல்லது. ஒரே வேலையை, ஒரே மாதிரித் துணியில், ஒரு மணி நேரம் செய்யுங்கள். வேகமான ஆளின் கணக்கை எடுக்காதீர்கள். வழக்கமான வேகத்தில், கட்டைப் பிரிப்பது, வெட்டுவது, மடிப்பது, திரும்பக் கட்டுவது எல்லாம் சேர்த்து எத்தனை பீஸ் முடிகிறது என்று பாருங்கள். கட்டுப் பிரிக்கும் நேரமும் வேலை நேரம்தான், அதை விட்டுவிட்டால் கணக்கு உங்களுக்கு எதிராகப் போகும்.

ஒரு மணி நேரத்தில் 40 பீஸ் என்றால் எட்டு மணி நேரத்தில் 320. அந்த வேலைக்கு அரசு அறிவித்த ஒரு நாள் கூலி, கணக்குக்காக 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 480-ஐ 320-ஆல் வகுத்தால் பீஸுக்கு ஒன்றரை ரூபாய் வருகிறது. ஏஜென்ட் 60 பைசா கொடுத்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் 192 ரூபாய்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தொகையைத்தான் நீங்கள் கேட்கப் போகிறீர்கள்.

அரசு கூலி எவ்வளவு என்பதை ஏஜென்டிடம் கேட்க வேண்டாம். தமிழ்நாட்டில் பின்னலாடைத் தொழிலுக்கும் தையல் தொழிலுக்கும் தனித்தனி அறிவிப்புகள் உண்டு. அடிப்படைக் கூலியோடு பஞ்சப்படி சேரும், அந்தப் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் அந்த ஆண்டின் தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த அறிவிப்புகளும் சும்மா வந்தவை அல்ல. தையல் தொழிலுக்கு 2014-இல் அரசு உயர்த்திய கூலியை எதிர்த்து உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் போனார்கள், 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

நூல், ஊசி, கரண்ட் பில், மெஷின் ரிப்பேர் இவற்றைக் கூலியோடு கலக்காமல் தனியாக எழுதுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டு வேலைக்கான 177-ஆம் உடன்படிக்கையோடு வெளியிட்ட பரிந்துரை, மின்சாரம், மெஷின் பராமரிப்பு போன்ற செலவுகளை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கை வரக் காரணமானவர்களில் அகமதாபாத்தின் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கமும் அதைத் தொடங்கிய இலா பட்டும் முன்வரிசையில் இருந்தார்கள். இந்தியா இன்னும் அதில் சேரவில்லை. ஆகவே இதை நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியாது, ரேட் பேசும்போது வைக்கலாம்.

"டேமேஜ்" பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கவனக்குறைவால் சேதம் ஆனது என்றால்தான் பிடிக்கலாம், அதுவும் சேதத்தின் மதிப்புக்கு மேல் கூடாது, உங்கள் பதிலைக் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். துணி வரும்போதே ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் கட்டைப் பிரித்த உடனே படம் எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாதிப் பிடித்தங்கள் இந்த ஒரு பழக்கத்தில் நின்றுவிடும். வாரக் கூலி பேசியிருந்தால் வாரத்தின் கடைசி வேலை நாளில் பணம் கைக்கு வர வேண்டும் என்பதும் சட்டம்.

ஏஜென்டுக்குப் பின்னால் யார்

கம்பெனி, அதற்குக் கீழே கம்பெனியின் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட், அதற்குக் கீழே ஏஜென்ட், கடைசியில் நீங்கள். கூலி குறைவது ஒவ்வொரு படியிலும். கேட்டால் ஒவ்வொருவரும் மேலே கையைக் காட்டுவார்கள். கம்பெனியோ, "அந்த அம்மாவை எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்னும்.

இதே பேச்சைப் பீடித் தொழிலில் சேலத்தில் கேட்டவர்கள் நம்மவர்கள். இலையும் புகையிலையும் கொடுத்துப் பீடி சுற்ற வைத்தது கான்ட்ராக்டர்கள், எங்களுக்கும் தொழிலாளிக்கும் தொடர்பில்லை என்றது முதலாளி தரப்பு. திவான் முகைதீன் சாகிப் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம், அந்தக் கான்ட்ராக்டர்கள் பெயரளவில்தான் தனி ஆட்கள், உண்மையில் முதலாளியின் ஏஜென்டுகளே, பீடி சுற்றுபவர்கள் முதலாளியின் தொழிலாளர்களே என்று தீர்த்தது. பிறகு 1966-இல் பீடித் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1985-இல் பி.எம். படேல் வழக்கில் வீட்டில் பீடி சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்பானது. பீடிப் பெண்கள் போராடி வாங்கிய இந்த அங்கீகாரம் பனியன் பெண்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புகளை உங்கள் வக்கீல் எடுத்து வைக்க முடியும், எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் சங்கிலியை வரைந்து வையுங்கள். ஏஜென்ட் பெயர், போன் நம்பர், வண்டி எந்த யூனிட்டிலிருந்து வருகிறது, அந்த யூனிட் எந்தக் கம்பெனிக்குச் செய்கிறது, லேபிளில் என்ன பிராண்டு. முழுவதும் தெரிய ஒரு சீசன் ஆகலாம். ஊதியத் தொகுப்பின்படி, கூலி கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு. உரிமையாளர் யார் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

இந்தச் சங்கிலியை நேராக அறுத்த நாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா 2012-இல் தன் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, வீட்டில் தைப்பவரைச் சுயதொழில் செய்பவர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் பெரும்பாலான விஷயங்களில் தொழிலாளியாகவே கருத வேண்டும் என்றது. கூலி வராதவர் தனக்கு மேலே சங்கிலியில் இருக்கும் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்கலாம். தான் பொறுப்பில்லை என்று நிரூபிப்பது அந்த நிறுவனத்தின் வேலை. தைக்கும் வேலையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வெறும் விற்பனைக் கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மனுக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது இப்படிப்பட்ட ஒரு பிரிவைத்தான்.

லேபிளில் வெளிநாட்டு பிராண்டு இருக்கிறதே, அவர்களுக்கே மெயில் போடலாமா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுக்கு வேலை போகிறது என்று தெரிந்ததும் சில பிராண்டுகள் கூலியைச் சரிசெய்யாமல் வீட்டு வேலையையே நிறுத்தச் சொல்லிவிடும். முதலில் சங்கம், பிறகு அந்தச் சங்கத்தின் வழியாக பிராண்டு. "வேலையை நிறுத்தாதே, கூலியைச் சரிசெய்" என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இரண்டு பதிவுகள்

கூலிச் சண்டை நடக்கிறதோ இல்லையோ, இவை இரண்டையும் உடனே செய்யுங்கள். ஒன்று, தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியம். 18 முதல் 60 வயது வரை சேரலாம், பதிவுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, கண்ணாடி, விபத்து, ஓய்வூதியம் என உதவிகள் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் பலருக்கு அட்டை காலாவதியானது தெரிகிறது, ஆகவே புதுப்பிக்கும் தேதியை நோட்டின் பின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். இரண்டாவது, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு. 16 முதல் 59 வயது வரை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு. ஆதாரும் அதோடு இணைத்த போன் நம்பரும் வங்கிக் கணக்கும் போதும், பன்னிரண்டு இலக்க எண் கிடைக்கும். இரண்டிலும் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று போட விடாதீர்கள். செய்யும் வேலையைச் சொல்லி அதையே பதியச் சொல்லுங்கள்.

தனியாகப் போகாதீர்கள்

கூலி கேட்ட மறுநாள் கட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்ற பயம் பொய்யான பயம் இல்லை. அது நடக்கிறது. அதற்கு ஒரே மருந்து அடுத்த தெருவும் உங்களோடு இருப்பதுதான். ஏஜென்டின் வண்டி எந்தெந்த வீட்டில் நிற்கிறது என்று பாருங்கள், அந்த வீடுகள்தான் உங்கள் சங்கம். "இந்த வேலைக்கு இதற்குக் கீழே எடுப்பதில்லை" என்று பத்து வீடு சேர்ந்து முடிவு செய்தாலே, எந்த அலுவலகத்துக்கும் போகாமல் பல நேரம் சில பைசா ஏறிவிடும். ஏற்கெனவே இயங்கும் பனியன் தொழிற்சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துகொள்வது புதிய சங்கம் பதிவு செய்வதைவிட எளிது. சந்தா கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் உறுப்பினராக இருந்தால்தான் சங்கம் உங்கள் பெயரில் மனுப் போட முடியும்.

ஏஜென்டோ யூனிட் ஆளோ தப்பாகப் பேசினால், தொட்டால், அதற்குத் தனி வழி உண்டு. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மனுப் போடும்போது

பேசியும் தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். ஒவ்வொருவரும் தனித்தனி மனுப் போட வேண்டியதில்லை, ஒரே நிறுவனத்துக்கு வேலை செய்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது, இப்போது மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. புதிய தொகுப்பில் தொழிலாளிக்கு உண்மையிலேயே நன்மையான மாற்றங்களில் இது ஒன்று. இன்னொன்று, கூலி கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நீங்கள் அவருக்காக வேலை செய்தீர்கள் என்பதை மட்டும் முதலில் நிலைநாட்டியாக வேண்டும், அதற்குத்தான் அந்த நோட்டும் போன் படங்களும். விசாரிக்கும் அதிகாரி, கூலியில் குறைத்துக் கொடுத்த தொகையைத் தரச் சொல்வதோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். உத்தரவு போட்டும் கட்டாவிட்டால் ஆட்சியர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்க வழி இருக்கிறது.

மனுவில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். யார் வேலை கொடுத்தார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை, எத்தனை பீஸ், என்ன ரேட், சட்டப்படி எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எத்தனை முறை திருப்பி அனுப்பிச் சரிசெய்யச் சொன்னார் என்று வரிசையாக எழுதுங்கள். எதிர்த் தரப்பில் ஏஜென்டை மட்டும் போடாமல் யூனிட்டையும் கம்பெனியையும் சேருங்கள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். அலுவலகத்தில் மனுவை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தபால் ரசீதோடு ஒரு மனுக் கொடுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டு, அதன் நகல், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக், வாரிய அட்டை, சங்கச் சந்தா ரசீது, அந்த ஆண்டின் கூலி அறிவிப்பு, போன் படங்களின் அச்சு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். நோட்டின் மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், வக்கீல் கேட்டாலும் நகலைத்தான் கொடுக்க வேண்டும். வாய்தாவுக்கு எல்லோரும் போக முடியாது. இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டு, போகிறவர்களின் பங்குப் பீஸை மற்றவர்கள் முடித்துக் கொடுங்கள்.